முழுக்கை ரவிக்கை

அபரஞ்சி செத்துப்போன சேதி தொண்டாமுத்தூர் வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது. கோயமுத்தூர் மண்டிக்குத் தேங்காய் பாரம் ஏற்றிக்கொண்டு போயிருந்த ஆறுச்சாமி, திரும்பும்போது ஒரு பத்திரிகையை மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்தான். தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டான்.

“செல்லாத்தா! உன்ற அபரஞ்சி போய்ட்டாளாமா. மெட்ராஸ் ஆசுபத்திரியில. நெஞ்சுச் சளின்னு போட்டிருக்குது.”

கம்பு புடைத்துக்கொண்டிருந்த செல்லாத்தாளின் கையில் முறம் அப்படியே நின்றது.

“ஆருங்க சொன்னது?”

“சொல்றதென்ன, படமே போட்டிருக்கறான் பாரு. முப்பத்தொரு வயசுதானாமா.”

அவள் பத்திரிகையை வாங்கிப் பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆறுச்சாமிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கரூர் அபரஞ்சி மேல் தன் மனைவிக்கு இருந்த பைத்தியம் அவனுக்குத் தெரியும். அவள் நடித்த பேசும்படம் கோயமுத்தூருக்கு வந்துவிட்டால் போதும், ‘ஏனுங்க, ஒருக்கா, ஒரே ஒருக்கா’ என்று நச்சரித்துக் கூட்டிப்போக வைத்துவிடுவாள். ஒரே படத்துக்கு நான்கு தடவை போனதும் உண்டு. பாட்டுப் புத்தகங்கள் அத்தனையும் அவள் துணிப்பெட்டியின் அடியில் இருந்தன. திரையில் அபரஞ்சி அழுதால் இவளும் அழுவாள். அபரஞ்சி சிரித்தாலும் இவள் அழுவாள். அது ஒன்றுதான் அவனுக்கு விளங்காத சங்கதி.

பத்திரிகையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோயமுத்தூரில் இரங்கல் கூட்டம். ஆறுச்சாமி அதை உரக்கப் படித்தான்.

“தலைமை, கன்ட்ராக்டர் குமாரசாமிக் கவுண்டர் அவர்கள். அட, நம்ம மாமா! அப்பறம் போகாம இருக்க முடியுமா? நீயும் ராசாத்தாளும் கெளம்பிருங்க.”

அடுப்படியில் நின்றவளுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அழுகை சட்டென்று நின்றுபோயிற்று.

ராசாத்தாள் ஆறுச்சாமியின் தங்கை. இருபத்திரண்டு வயதாகியும் கல்யாணம் தகையவில்லை. வலது காலைச் சற்றே இழுத்து நடப்பாள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் வந்த வழியே திரும்பினார்கள். கடைசியில் குமாரசாமிக் கவுண்டர்தான் தன் அக்காள் மகனுக்குக் கேட்டு வந்தார். ‘கோயில் படியில உழுந்து ஒடைஞ்ச காலுதானே, பொறவிக் கொறையா என்ன?’ என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். அன்று கூடத்தில் உட்கார்ந்து அவர் மோர் கேட்டபோது, கொண்டுவந்து கொடுத்த செல்லாத்தாள் அவர் முகத்தைப் பார்த்ததும் செம்பைச் சாய்த்துப் பாதி மோரைப் பாயில் கொட்டிவிட்டாள். புது மனுஷரைப் பார்த்த கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கால் கோயில் படியில் உடையவில்லை. எங்கே உடைந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பங்குனித் திருவிழாவின்போது, ஆறுச்சாமி மாடு வாங்கச் சத்தியமங்கலம் போயிருந்தான். செல்லாத்தாளும் ராசாத்தாளும் சவாரி வண்டி கட்டிக்கொண்டு பேரூருக்குப் போனார்கள். சாமி கும்பிட்டார்கள்; தேரும் பார்த்தார்கள். அதுவரை பொய்யில்லை. திரும்பும் வழியில், ரோட்டோரத்து அறுப்பு வயலில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தது. திருவிழாக் கூட்டத்துக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கே நாடகம், அபரஞ்சி ராணி வேஷம் என்று தமுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லாத்தாளின் மாமியார், “கூத்தாடி கொட்டாயில கால் வெச்சவ என்ற ஊட்டுல கால் வெக்கப்படாது” என்று சொன்னவள், சொன்னால் செய்கிறவள்; மகனே கூட்டிப்போகும் பேசும்படத்தைப் பின்னால் அவள் பொறுத்துக்கொண்டது வேறு விஷயம். “பாதி பாத்துப்போட்டு ஓடியாந்தர்லாம் நங்கை” என்று ராசாத்தாள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தக் கெஞ்சல் தேவையே இல்லை. வண்டிக்காரக் கிழவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.

அன்று கொட்டகை எரிந்தது. மூன்று பெண்கள் செத்தார்கள்.

மேடை விளக்கை நடிகை கவனக்குறைவாகத் தட்டிவிட்டதால் தீப்பிடித்தது என்று கொட்டகைக் கன்ட்ராக்டர் மறுநாள் வாக்குமூலம் கொடுத்தார். அவர் குமாரசாமி. அதை ஆமோதிக்க ஆட்களும் வைத்திருந்தார். இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள். கம்பெனி கலைந்தது. ‘கொட்டாய எரிச்சவ’ என்ற பெயர் அபரஞ்சிக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் மெட்ராஸ் போய்ப் பேசும்படத்தில் பெரிய பெயர் எடுத்தாள். ஆனால் கோயமுத்தூர்ப் பக்கம் அதன்பிறகு ஒரு நாளும் வரவில்லை.

நடந்தது என்னவென்று பார்த்த பெரிய வீட்டுப் பெண்கள் நாலைந்து பேராவது அன்று கொட்டகைக்குள் இருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. செல்லாத்தாளும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி கிளம்பியது. ஆறுச்சாமி முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். உள்ளே வைக்கோல் மெத்தையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேரூர் நெருங்கும்வரை ராசாத்தாள் பேசவில்லை. அந்த வயல் வந்தது. இப்போது அதில் சோளம் நின்றது. அதைக் கடந்ததும் அவள் குனிந்து, மாட்டுச் சலங்கைச் சத்தத்துக்குள் அமுங்கும் குரலில் கேட்டாள்.

“நங்கை, அங்க வந்து வாயத் தெறந்துபோட மாட்டீங்களே?”

“நான் எதுக்குத் தெறக்கறேன்?”

“மூணு நாளா நீங்க சோறு திங்கலை. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறீங்க. எனக்குத் தெரியும்.” அவள் கண்கள் கலங்கின. “அந்த மனுசர் ஆருன்னு எனக்குந் தெரியும் நங்கை. தெரிஞ்சுதான் தலையாட்டுனேன். இன்னொருக்கா ஒருத்தன் வந்து என்னை நடக்கச் சொல்லிப் பாத்துப்போட்டுப் போறதை என்னால தாங்க முடியாது.”

செல்லாத்தாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பேசலை கண்ணு. கும்பிட்டுப்போட்டு வந்தர்லாம்” என்றாள். அப்போது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

கூட்டம் குமாரசாமிக் கவுண்டர் புதிதாகக் கட்டிய மண்டபத்தில். வாசலிலேயே நின்று ஆறுச்சாமியை அணைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார். பெண்களுக்கு இடப்பக்கம் மூங்கில் தட்டி கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். நூறு பெண்களுக்குக் குறையாமல் இருந்தார்கள்; மில்லுக்குப் போகிறவர்கள், வக்கீல் வீட்டு அம்மாக்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டுவரை நீண்ட முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார்கள். அபரஞ்சி எல்லாப் படத்திலும் போட்டுக்கொண்டு வந்த ரவிக்கை அது. மூன்று வருஷமாகக் கோயமுத்தூர்த் தையற்காரர்கள் அதைத்தான் தைத்துத் தள்ளினார்கள். செல்லாத்தாள் ஒன்றுகூடத் தைத்துக்கொண்டதில்லை.

தட்டி இடுக்கு வழியாக மேடை தெரிந்தது. மாலை போட்ட பெரிய படம். அதன் அருகில் கிராமபோன் பெட்டியை வைத்துக்கொண்டு நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்றார். செல்லாத்தாளுக்கு அடையாளம் தெரிந்தது. அக்பர் அலி, அபரஞ்சியின் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். இப்போது டவுன்ஹால் பக்கம் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். இந்தக் கூட்டத்தைக் கூட்டியதும் அவர்தான். ஊரில் வேறு யாரும் இடம் கொடுக்காததால் குமாரசாமியிடம் வந்து நின்றிருக்கிறார். குமாரசாமிக்கு முனிசிபல் எலெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்பர் அலி தட்டைச் சுழலவிட்டார். அபரஞ்சியின் குரல் மண்டபத்தில் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. செல்லாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்க்கோரையைப் பிய்த்தாள்.

முதலில் ஒரு வக்கீல் பேசினார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் போலிருக்கிறது. “நம் பெண்மணிகளுக்கு அந்த அம்மாள் விட்டுப் போன சொத்து என்ன? முழுக்கை ரவிக்கை! கணவன்மார்களெல்லாம் ஒரு முழம் துணி கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று” என்றார். ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. தட்டிக்கு இந்தப் பக்கத்திலும் சில பெண்கள் சிரித்தார்கள். செல்லாத்தாளின் காதுமடல் சுட்டது. ராசாத்தாள் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் குமாரசாமிக் கவுண்டர் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

“செத்தவங்களைப் பத்திக் கொறை சொல்லப்படாதுங்க. ஆனா மறைக்கவும் கூடாது. ஆறு வருசத்துக்கு மின்னால, பேரூர் ரோட்டுல, இந்தம்மா விளக்கைத் தட்டியுட்டு மூணு உசுரு போச்சு. அது எல்லாத்துக்குந் தெரியும். வேணும்னு செஞ்சுதுன்னு நான் சொல்லலீங்க. சின்னப் பொண்ணு, அறியாமச் செஞ்சுபோட்டுது. இன்னிக்கு இந்த மண்டபத்துல, நம்ம ஊரு சார்பா, அந்தத் தப்பை நாம மன்னிச்சுப்போட்டம்னு சொல்லிக்கறேன்.”

யாரோ கை தட்டினார்கள். அக்பர் அலி பாதி எழுந்தார், சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“அது பொய்யுங்க.”

குரல் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லாத்தாளுக்கே தன் குரல் என்று தெரியச் சிறிது நேரம் பிடித்தது. எழுந்து நின்றிருந்தாள். ராசாத்தாளின் கை அவள் சேலை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆரு பேசறது?” என்றார் குமாரசாமி. முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. “தட்டிக்குப் பின்னால இருந்து பேசறது எந்த ஊட்டு அம்மணி? சொல்லிப்போட்டுப் பேசோணும்.”

எந்த வீடு என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். தட்டி இடுக்கில் ஆறுச்சாமியின் பின்தலை தெரிந்தது. அவன் திரும்பவில்லை, ஆனால் கழுத்து விறைத்துவிட்டது. மனைவியின் குரல் அவனுக்குத் தெரியாதா?

தட்டியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

“தொண்டாமுத்தூர் ஆறுச்சாமி ஊட்டுக்காரிங்க. அன்னிக்கு அந்தக் கொட்டாயில நான் இருந்தேன். விளக்கு மேடையில உழுகலீங்க. பொம்பளைக கதவுக்கு மேல மாட்டியிருந்த காஸ் லைட்டுத்தான் கீத்தைப் புடிச்சுது. ஆம்பளைக பக்கம் தெறந்து கெடந்துது, அல்லாரும் ஓடிட்டாங்க. நடுவுல தட்டி அடைச்சிருந்துது, நாங்க எங்க கதவுக்கே ஓடுனோம். வெளிய சங்கிலி போட்டுப் பூட்டியிருந்துதுங்க. டிக்கெட்டு இல்லாம பூந்தர்றாங்கன்னு நீங்கதான் பூட்டச் சொன்னீங்க. நான் என்ற காதுல கேட்டேன்.”

மண்டபத்தில் இரைச்சல் எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அந்தம்மா மேடைக்குப் பின்னால ஓடியிருக்கலாமுங்க. பத்தடியில வழி. ஓடலை. மேடை விளிம்புக்கு வந்து நின்னு பாடுனாங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தரு மிதிச்சுக்கிட்டுக் கதவைத் தட்டிக்கிட்டிருந்தோம். அதே மெட்டுல, வார்த்தைய மாத்திப் பாடுனாங்க. ‘தோழியரே வாரும், மேடைத் திசை பாரும், பிள்ளைகளை முன்னே தாரும்’னு. பயந்து கத்தற கொரல் இல்லீங்க அது. நாடகத்துல பாடற மாதிரியே நெதானமாப் பாடுனாங்க. அதைக் கேட்டுத்தான் நாங்க திரும்புனோம். அவங்களும் இந்தப் பெரியவரும்” என்று அக்பர் அலியைக் காட்டினாள், “ஒவ்வொருத்தரா மேல தூக்கியுட்டாங்க. என்ற கூட ஒரு பொண்ணு வந்திருந்தா. கால் மிதிபட்டு ஒடைஞ்சு, எந்திரிக்க முடியாமக் கெடந்தா. அவளைத் தூக்கறப்பப் படுதா எரிஞ்சு அந்தம்மா எடது கை மேல உழுந்துது. தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும். அப்பக்கூட வலது கையிலிருந்து அந்தப் பொண்ணை உடலீங்க.”

அவள் வக்கீலின் பக்கம் திரும்பினாள்.

“முழுக்கை ரவிக்கை அதுக்குத்தானுங்க போட்டாங்க.”

முன்வரிசையில் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அக்பர் அலி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

குமாரசாமி மட்டும் அசையவில்லை. மெதுவாகத்தான் பேசினார். “நல்லாக் கதை சொல்லுது இந்த அம்மணி. சினிமா பாத்துப் பாத்துக் கெட்டுப்போனது. அன்னிக்கு அந்தக் கொட்டாய்க்குள்ள கவுண்டமாரு ஊட்டுப் பொம்பளை ஒருத்தியும் வல்லைங்க. போலீசு ரிக்கார்டுலயே அப்படித்தான் இருக்குது. ஆறுச்சாமி, நம்ம ஊட்டுப் பொம்பளை சபையில நின்னு பேசறதை நீயும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறே. கூட்டிக்கிட்டுப் போ.”

ஆறுச்சாமி எழுந்தான். மண்டபம் முழுக்க அவனையே பார்த்தது. அவன் செல்லாத்தாளிடம் வந்து, அவள் கண்ணைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னான்.

“கெளம்பு. நீங்க பேரூர்க் கோயிலுக்குத்தானே போனீங்க? இதெல்லாம் எதுக்கு?”

செல்லாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. தீக்குள் நின்ற கதையைச் சொல்ல முடிந்தவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அப்போது பின்னால் தட்டி மறுபடி ஒதுங்கியது. காலை இழுத்து இழுத்து நடக்கும் அந்தச் சத்தம் அவள் காதுக்குப் பழகிய சத்தம்.

“அண்ணா, என்ற காலு கோயில் படியில ஒடையலை” என்றாள் ராசாத்தாள்.

ஆறுச்சாமி தங்கையைப் பார்த்தான். காலைப் பார்த்தான். அப்புறம் மனைவியைப் பார்த்தான். அவன் முகம் சாம்பலாகிப் போயிற்று. அவளிடம், “சங்கிலி கெடந்துதா?” என்று கேட்டான்.

“கெடந்துதுங்க. தகரக் கதவுச் சந்துல கையவிட்டு ஆட்டிப் பாத்தேன்.”

அவன் மேடையை நோக்கித் திரும்பினான்.

“மாமா, சங்கிலி போட்டீங்களா, இல்லீங்களா? ஒத்தை வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“சம்பந்தம் பண்ற எடத்துல பேசற பேச்சா இது? வைகாசி நெனப்பு இருக்கட்டும் ஆறுச்சாமி.”

“கல்யாணத்தைக் கேக்கலீங்க. சங்கிலியைக் கேக்கறேன்.”

குமாரசாமியின் நிதானம் அப்போதுதான் தவறியது. “நூறு பேரு திருட்டுத்தனமாப் பூந்தா எவன்தான் பூட்டாம இருப்பான்? தீப் புடிக்கும்னு நான் சோசியமா பாத்தேன்?” என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. மைக் இல்லாத அந்த மண்டபத்தில் கடைசி வரிசைவரை அது கேட்டிருந்தது. ஒருவர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே நாலைந்து பேர். அப்புறம் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம்தான்.

அந்தக் குழப்பத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி விடுவிடென்று வந்து செல்லாத்தாளின் முன்னால் நின்றாள். முப்பது வயதிருக்கும். தலையில் மில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. நன்றி சொல்ல வருகிறாள் என்று செல்லாத்தாள் நினைத்தாள்.

“செத்த மூணு பேருல ஒருத்தி என்ற அக்கா” என்றாள் அவள். “ஆறு வருசமா இந்தப் படத்துல இருக்கறவளைத்தான் மண்ணை வாரித் தூத்துனேன். செத்துப்போனாள்னு கேட்டுக் கும்பிடு போட்டேன். இன்னிக்கு வந்ததுகூட, அவ படத்துக்கு மாலை போட்டிருக்கறதைக் கண்ணால பாக்கத்தான். நீங்க ஆறு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே, அம்மணி! அவ உசுரோட இருக்கறப்ப ஒருக்காச் சொல்லியிருக்கப்படாதா?”

செல்லாத்தாள் பேச வாயெடுத்தாள். அந்தப் பெண் பதிலுக்குக் காத்திராமல் வாசலை நோக்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க ஆறுச்சாமி மாட்டை ஒரு தடவைகூட அதட்டவில்லை. மாடுகள் தாமே நடந்தன. வீட்டு முகப்பில் வண்டியை நிறுத்தியதும், “இத்தனை வருசம் ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்டச் சொல்லாமப் போட்டியே” என்றான். “ஆத்தாளுக்குப் பயந்தே, சரி. எனக்குமா?” செல்லாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். ஆமாம், அவனுக்கும் பயந்துதான் இருந்தாள்.

மாமியார் அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. கன்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். போலீஸ் ரிக்கார்டில் ஒன்றும் மாறவில்லை. அக்பர் அலி இரண்டு வக்கீல்களிடம் போய்ப் பார்த்தார். பழைய வழக்கைக் கிளற இருவரும் மறுத்துவிட்டார்கள். குமாரசாமி மட்டும் எலெக்‌ஷனில் நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. ராசாத்தாள் நாலு நாள் அறைக்குள் படுத்துக் கிடந்தாள். ஐந்தாம் நாள் எழுந்து வந்து, “பசிக்குது நங்கை” என்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது அடுத்த வருஷம், சத்தியமங்கலத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரோடு. பெண் பார்க்க வந்த அன்றே ஆறுச்சாமி அவரிடம் கால் உடைந்த விதத்தைச் சொல்லிவிட்டான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கூட்டம் நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம் அந்த மில்காரப் பெண் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். விசாரித்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றாள்.

“என்ற பேரு சின்னாத்தாள். அன்னிக்குக் கோவத்துல பேசிப்போட்டேன். பேசுனது தப்புன்னு சொல்ல வல்லை. ஒண்ணு கேக்கோணும்.”

“உள்ள வாங்க.”

“வேண்டாங்க. என்ற அக்கா பேரு ராமக்கா. மஞ்சச் சீலை கட்டியிருந்தா. நெத்தியில பெரிசாப் பச்சை குத்தியிருப்பா. பாத்தீங்களா?”

செல்லாத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்திருந்தாள். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் அதைச் செய்யவில்லை.

“பாத்தேனுங்க. கதவுகிட்ட எனக்குப் பக்கத்துல நின்னாங்க. எப்படியும் தெறந்துருவாங்கன்னு சொல்லிச் சொல்லி ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. அந்தம்மா பாடுனதைக் கேட்டு நான் திரும்புனப்ப, அவங்க வல்லை. ‘வாங்கக்கா’ன்னு கூப்பிட்டேன். ஒருக்காத்தான் கூப்பிட்டேன். என்ற கையில ராசாத்தாள் இருந்தா. ரெண்டாந்தரம் கூப்பிடலீங்க. திரும்பியும் பாக்கலை.”

சின்னாத்தாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ராசாத்தாள் உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் அதைத் தொடாமலே இருந்துவிட்டு, அப்புறம் முழுவதையும் குடித்தாள்.

“பங்குனியில அவளுக்குப் படைப்போம். எங்க ஊடு சின்ன ஊடு. வந்தா வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தப் பங்குனியில் செல்லாத்தாளும் ராசாத்தாளும் போனார்கள். ஆறுச்சாமிதான் வண்டி ஓட்டினான். சின்னாத்தாள் வீட்டுச் சுவரோரம் வாழையிலையில் சோறும் வடையும் மஞ்சள் சேலையும் வைத்திருந்தாள். ராமக்காளுக்குப் போட்டோ கிடையாது. ஒரு செங்கல்லைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தாள். அதற்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து கத்தரித்த அபரஞ்சியின் படம், சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்கும் ஒரு பொட்டு.